குசினிக்கு ஒரு டிவி

கமலவேணிக்கு டிவி வாங்கித் தரப்போகிறார்களாம். பாச்சாங் ஊரில் அவர்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் காலைப் பசியாறும் நேரத்துக்குள் நாலு வீட்டுக்குச் சேதி போய்விட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, அவள் புருஷன் சிவசாமியேதான். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, ஹாலில் சன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும் மனுஷர். வேலிக்கு அந்தப் பக்கம் யார் நடந்தாலும் கூப்பிட்டுப் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"மவன் ஆத்தாளுக்குக் குசினியில டிவி மாட்டப்போறானாம். அவளுக்கு வந்த வாழ்வ பாருங்க!"

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கமலவேணி சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கைத் தாயக்கட்டை அளவுக்கு நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிவி அவளுக்கு இல்லை. அது சிவசாமிக்கு. இது அவளுக்குத் தெரியும், மகன் ஹரிதாஸுக்குத் தெரியும், மகள் ஷாமினிக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் சிவசாமிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினிக்குப் பரிசம். மாப்பிள்ளை நிர்மலன் சிலோன்கார வீட்டுப் பையன். அப்பா விஜயரட்ணம் அரசாங்க ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா மனோரஞ்சிதம் டீச்சராக இருந்தவர். அவர்கள் வந்து உட்காரும்போது ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் மூத்திர வாடையும் இருக்கக் கூடாது என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கூடி முடிவு பண்ணிவிட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டு சின்ன அறை. அந்த வாசல்களில் கட்டில் நுழையாது. அடுப்படிக்குக் கதவே கிடையாது, அகலமான வளைவுதான். குளியலறையும் பக்கத்தில். ஆக, கட்டில் அடுப்படிக்கு. ஹாலில் இருக்கும் பெரிய டிவி கண்ணில் படாவிட்டால் மனுஷர் ஊரைக் கூட்டிவிடுவார் என்றுதான் ஒரு சின்ன டிவி. எதற்கு டிவி என்று அவர் கேட்டபோது பயத்தில் "அம்மாவுக்குப்பா" என்று உளறிவைத்தான் ஹரிதாஸ். கம்பெனியில் இருபது பேரை மேய்க்கிறவன், அப்பா முன்னால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

"அப்ப என் மேசை?" என்று கமலவேணி கேட்டதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது.

"பின்னால போட்டுக்கலாம்மா. தகரக் கூரை இருக்குல்ல."

"மழ பெஞ்சா சாரல் அடிக்குமேடா. மாவு நனைஞ்சா என்னத்துக்கு ஆவும்?"

"இன்னும் எத்தன நாளைக்கும்மா கறிப்பாப் போடுவ? ஷாமினி கல்யாணம் முடிஞ்சா ரெஸ்ட் எடு லா."

ரெஸ்டாம்! நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருஷமாக அந்தப் பலகை மேசைக்கு முன்னால்தான் அவள் நின்றாள். ஒரு நாளைக்கு இருநூறு கறிப்பாப். மாவைத் தேய்த்து, கிண்ணத்தால் வட்டமாக வெட்டி, மசாலாக் கிழங்கை நடுவில் வைத்து, மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் முறுக்கி முறுக்கி அடைப்பாள். எண்ணெயில் போட்டால் ஒன்றுகூட வாய் பிளக்காது. ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரி கேண்டீனுக்கு நூறு, பாசாரில் இரண்டு கடைக்கு நூறு. ஹாலில் அவருடைய ராஜ்ஜியம். அறைகள் பிள்ளைகளுடையவை. ராத்திரி அவள் பாய் விரிப்பது அவர் கட்டிலுக்குக் கீழே. அவளுக்கென்று இந்த வீட்டில் இருந்த இடம் அந்த மேசையும் அடுப்பும்தான். அங்கே நின்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் "கையில மாவு" என்று ஒரு சாக்கு உண்டு.

அந்த மேசை இருக்கிற இடத்தில் இனிமேல் கட்டில் வரும். கட்டிலுக்கு அடியில் மூத்திரச் சட்டி வரும். அதற்குப் பக்கத்தில் பொரித்த கறிப்பாப்பை எந்தக் கேண்டீன்காரன் வாங்குவான்?

சிவசாமியிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும், கட்டில் ஓர் அங்குலம் நகராது. "எவன்டா அவன், என் வூட்ல என்னைய நவுத்துறது?" என்று அவர் போடுகிற சத்தத்தில் ஹரிதாஸ் வாலைச் சுருட்டிக்கொள்வான். மேசை பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியிலேயே மூன்று நாளாக நின்றது. சொல்ல விடாமல் தடுத்தது ஷாமினிதான்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவங்கம்மா கைக்குட்டைய எடுத்து மூக்குல வச்சாங்க. நீ பாக்கல, நான் பாத்தேன்" என்று அழுதாள் மகள். "எனக்கு முப்பத்துமூணு வயசும்மா. இதுக்கு முன்ன வந்த மூணு வரனும் எப்படிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமல் என்ன? அதனால்தான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை சிவசாமிக்குக் கைகால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகிற நாள். திரும்பும்போது ஹரிதாஸ் ஓட்டிய காடியில் உட்கார்ந்துகொண்டே உத்தரவு போட்டார்.

"அப்படியே டிவி கடைக்கு வுடு. நானே பாத்து எடுத்துக் குடுக்கிறேன். ஒங்கள வுட்டா எவனாவது தலையில மொளகா அரைச்சிருவான்."

"நீங்க களைச்சிருப்பீங்கப்பா. நான் சாயந்தரம் போயி..."

"டேய், இந்த வூட்டுக்கு வந்த டிவி எல்லாம் நான் எடுத்ததுதான். மொத மொதல்ல தோட்டத்துல கறுப்பு வெள்ள டிவி வச்சிருந்தது யாரு? ஆளுங்கள வேல வாங்குன மண்டோர் சிவசாமி. கேட்டுப் பாரு. ஒன்றரைக்குள்ள பில்லு போட்டுறணும், அதுக்கு மேல ராகு காலம். வுடுறா காடிய!"

ஹரிதாஸ் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். அம்மா சாலையைப் பார்த்தாள்.

கடை ஆயர் குரோவில், பெரிய ரோட்டோரம். உள்ளே ஐஸ் மாதிரி குளிர். சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. தினேஸ்வரன் என்று சட்டையில் பெயர் மாட்டியிருந்த தமிழ்ப் பையன் ஓடி வந்து சக்கர நாற்காலிக்கு வழி பண்ணினான்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. என்ன சைஸ் பாக்குறீங்க?"

"குசினிக்கு" என்றார் சிவசாமி. "என் பொண்டாட்டிக்கு. சமைச்சுக்கிட்டே நாடகம் பாக்கணுமாம் அம்மாவுக்கு."

அப்படி அவள் யாரிடமும் கேட்டதில்லை. ஆனாலும் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தால் மனசு சும்மா இருக்குமா? முப்பத்திரண்டு இன்ச் டிவிகளில் ஒன்று அவளுக்குப் பிடித்துவிட்டது. படம் பளிச்சென்று இருந்தது. பக்கவாட்டில் நின்றாலும் குனிந்தாலும் அந்த மீன் அதே மஞ்சளாகவே தெரிந்தது.

"இது நல்லா இருக்குங்களே" என்றாள்.

"ஆன்ட்டிக்குக் கண்ணு நல்ல கண்ணு" என்றான் தினேஸ்வரன். "எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் கலர் மாறாது. சவுண்டும் நல்லா இருக்கும்."

"கேக்கிறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான்" என்று சிவசாமி சிரித்தார். "அவ பாக்கப்போறது அழுவாச்சி நாடகம். அதுக்கு முப்பத்திரெண்டு என்னாத்துக்கு? இருக்கிறதுலயே சின்னது எது? அதக் காட்டு."

பையன் மூலையில் இருந்து இருபத்துநாலு இன்ச் டிவி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். பெயர் தெரியாத கம்பெனி. சிவசாமியின் முகத்துக்கு நேராக அது இருந்தது, நன்றாகவே தெரிந்தது.

"இது போதும்."

"அங்கிள், ஒண்ணு சொல்லிர்றேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இது நேரா பாத்தாத்தான் படம். கீழ இருந்து பாத்தா கறுப்படிச்சிரும். மொகமே தெரியாது."

"கீழ இருந்து எதுக்குப் பாக்கிறா? அவ என்னா படுத்துக்கிட்டா சமைக்கப்போறா?"

கடையில் அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேர்கூடச் சிரித்துவிட்டார்கள். ஹரிதாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இல்லப்பா, அம்மா சொன்னதையே எடுத்துருவோம். நான்தானே வாங்குறேன்."

"நீ வாங்குறன்னா? நான் கேக்கிறேன், அடுப்பு முன்னால நிக்கிறவளுக்கு எதுக்குடா அவ்வளோ பெரிய டிவி? நாடகத்தப் பாத்துக்கிட்டு சோத்தத் தீய வுடுறதுக்கா? பொட்டச்சிக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் குடுக்கணும். கமலம், நீயே சொல்லு. இது ஒனக்குப் போதுமா போதாதா?"

அந்த இடத்தில் கமலவேணி வாயைத் திறந்திருக்கலாம். "எனக்கில்லீங்க, ஒங்களுக்கு" என்று இரண்டே வார்த்தை. கேட்டிருந்தால் அவரும் பெரியதாகவே எடுத்திருப்பார். இல்லாவிட்டால் கடையையே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கட்டிலை ஹாலிலேயே நிறுத்தியிருப்பார். ஹரிதாஸ் தலையைக் குனிந்துகொண்டு கெஞ்சுகிற மாதிரி நின்றான். அவள் தன் புருஷனின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம். சேலைக் கடையிலும் நகைக் கடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட, இதே சிரிப்போடு இதே கேள்வியைத்தான் கேட்பார்.

"போதுங்க" என்றாள்.

"கேட்டியா? அவளே சொல்லிட்டா. பில்லு போடு தம்பி, மணி ஒண்ணே காலு."

தினேஸ்வரன் பில்லைப் போட்டுக்கொண்டே அவளிடம் தணிந்த குரலில் சொன்னான். "பொட்டிய வீசிறாதீங்க ஆன்ட்டி. ஏழு நாளைக்குள்ள கொண்டாந்தா மாத்திக்கலாம்."

*

வெள்ளிக்கிழமை ஹரிதாஸ் லீவு போட்டுச் சுவரில் துளை போட்டான். ஹாலில் படுத்துக்கொண்டே சிவசாமி மேஸ்திரி வேலை பார்த்தார்.

"ஒசரமா மாட்டுடா! அவ நிக்கிறவ. எண்ண தெறிச்சா பாழாப் போயிரும். இன்னும் மேல!"

"சரிப்பா, சரிப்பா" என்று அவன் ஒவ்வொரு தடவையும் பிராக்கெட்டை மேலே மேலே தூக்கினான். படுத்துப் பார்க்கப்போகிறவருக்கு இவ்வளவு உயரத்தில் படம் தெரியாதே என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். எதிர்த்துச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். நல்ல பிள்ளை! மாட்டி முடித்ததும் சிவசாமி மறக்காமல் குங்குமம் வைக்கச் சொன்னார். டிவியின் நெற்றியில் கமலவேணி ஒரு பொட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் பலகை மேசை பின்னால் போனது. ஹரிதாஸும் பக்கத்து வீட்டு நாகமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் நாலு கால் தடத்தோடு வெளுப்பாகக் கிடந்தது. அதை ஷாமினி டெட்டால் போட்டுத் துடைத்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலின் சக்கரப் பூட்டை ஹரிதாஸ் விடுவித்தபோதுதான் சிவசாமிக்கு விளங்கியது.

"எங்கடா தள்ளுற?"

"உள்ளப்பா. குசினிக்கு."

"குசினிக்கா? எதுக்கு?" அவர் பார்வை மகனிடம் இருந்து மகளுக்குப் போய் அங்கிருந்து அடுப்படிச் சுவருக்குப் போனது. அங்கே குங்குமப் பொட்டோடு டிவி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஓஹோ" என்றார். "ஓஹோஹோ. டிவி எனக்காடா? என்னையவே கூட்டிக்கிட்டுப் போயி என்னையவே எடுக்க வச்சீங்களா?"

"அப்பா, அவங்க வர்றாங்கப்பா" என்று ஷாமினி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வாடை வருதுப்பா. நாங்க பழகிட்டோம், எங்களுக்குத் தெரியல. அவங்களுக்குத் தெரியுது. கோவிச்சுக்காதீங்கப்பா, ப்ளீஸ்."

ஒரு கூச்சல் வரும் என்று கமலவேணி தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். வரவில்லை. வாடை என்ற சொல் அவரை என்னமோ பண்ணிவிட்டது. நல்லாயிருந்த வலது கையால் போர்வையை இழுத்து இடுப்புக்குக் கீழே மூடிக்கொண்டார்.

"கமலம். நீயும் சரின்னுட்டியா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'என் இடத்தையும்தாங்க பிடுங்கிட்டாங்க, என்னைய மட்டும் யாரு கேட்டா' என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பேராவது ஒரே பக்கம் நின்றிருப்பார்கள். பழக்கம் விடவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாள், சமாதானம் சொல்லத்தான் வாய் வந்தது.

"ஒரு நாள்தானுங்களே. அவங்க போனதும் பழையபடி போட்டுக்கலாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டில் உருண்டது.

*

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. தட்டு மாற்றினார்கள், மோதிரம் போட்டார்கள், பால்சோறும் கறிப்பாப்பும் சாப்பிட்டார்கள். கட்டில் இருந்த இடத்தில் புது சோபா. அதில் உட்கார்ந்திருந்த மனோரஞ்சிதம் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "அவர் எங்கை? சுகமில்லையோ? நான் உள்ளுக்கு வந்து பாக்கட்டோ?" என்று எழுந்தார்.

"மருந்து குடிச்சிட்டுத் தூங்குறாரு ஆன்ட்டி" என்று ஷாமினி அவசரமாக மறித்தாள். "எழுப்ப வேணாம்."

"பாவம். அண்டைக்கு வந்தப்ப எனக்குச் சரியான தடிமன், அவரோட ஒரு வார்த்தை ஆறுதலாக் கதைக்கவும் முடியேல்லை" என்று அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார்.

கமலவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. சளி! கைக்குட்டை சளிக்கு. மகளைப் பார்த்தாள். ஷாமினி தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனால், சிவசாமி தூங்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். சத்தத்தை அவரே குறைத்து வைத்திருக்கிறார், மகளுடைய விருந்தாளிகளுக்குத் தான் இருப்பது தெரியக் கூடாது என்று. படுத்த வாக்கில் அவருக்குப் படமும் தெரியாது. கறுப்பாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, போ போ என்று கையைக் காட்டினார். கமலவேணி வெளியே போய்ப் பாயசம் ஊற்றினாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கட்டிலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. சோபா வேறு வந்துவிட்டதே, இனி எங்கே எடுப்பது? மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே மேசையை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டாலும் சாரல் வந்தது. தேய்த்த மாவு கொழகொழவென்று கையில் ஒட்டியது. எண்பதோடு நிறுத்திவிட்டாள். கேண்டீன்காரருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு உள்ளே வந்தபோது சிவசாமி பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள்தான்னியே."

அவள் கையைக் கழுவினாள்.

"சரி, அத வுடு. இந்த எழவு டிவியில ஒண்ணும் தெரியலடி. மொகமெல்லாம் கரி பூசுன மாதிரி இருக்கு. தலையணைய ஒசத்திப் பாத்துட்டேன், கழுத்துதான் நோவுது. அந்தப் பையன் ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம்னு ஒன்கிட்ட சொன்னானே, எனக்கும் காதுல விழுந்திச்சு. ஹரிகிட்ட சொல்லு. நீ பாத்தியே, அந்த முப்பத்திரெண்டு, அத எடுத்தாரச் சொல்லு."

அவளே ஹரிதாஸுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள், கை ஈரமாக இருந்ததால். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் நிம்மதிதான்.

"மாத்திரலாம்மா. பொட்டி இருக்குல்ல? சாயந்தரமே போறேன் லா."

கமலவேணி சுவரில் இருந்த டிவியை அண்ணாந்து பார்த்தாள். நின்ற இடத்தில் இருந்து அவளுக்குப் படம் நன்றாகத் தெரிந்தது. ஒரு பெண் யாரிடமோ கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்பா" என்றாள். "அப்பாவே பாத்து எடுத்தது. அதுவே இருக்கட்டும்."

"இல்லம்மா, அவருக்குத் தெரியலன்னா..."

"நான் சொல்றேன்ல, வேணாம்."

போனை வைத்துவிட்டாள். இந்தக் குரல் தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

சிவசாமி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். "ஏன்டி வேணாம்ன? பைத்தியமா ஒனக்கு? படம் தெரியாம எப்படிடி டிவி பாக்கிறது?"

"சத்தம் கேக்குதுல்ல?"

"சத்தம் கேட்டா?"

"நான் முப்பத்தாறு வருசமா அப்படித்தாங்க பாத்தேன். நீங்க அங்க படம் பாப்பீங்க, நான் இங்க நின்னு சத்தம் கேப்பேன். யாரு அழுவுறா, யாரு சிரிக்கிறான்னு நானே நெனச்சுக்குவேன். ஒரு நாளு வந்து குந்துடின்னு சொல்லியிருக்கீங்களா? பழகிரும். எனக்குப் பழகல?"

அவர் முகத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நேற்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டு படுத்திருந்தவர் இவர்தான் என்ற நினைப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது. சொன்னதைத் திரும்ப அள்ளவும் முடியவில்லை, சொன்னதில் ஒரு சுகமும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் செய்கிறபடி மாவில் கை வைத்துக்கொள்ளலாம் என்று மேசை இருந்த பக்கம் திரும்பினாள். அங்கே போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு அவருடைய இரண்டு பாதங்கள் இருந்தன.